கழுத்தளவு வெள்ளமும் தியாகேசன் பெட்டியும்

கும்பகோணத்தில் பஸ் ஏறிக் கோடியக்கரையில் இறங்குகிற வரைக்கும், வெற்றிலை போட்டுத் துப்புகிற தூரத்துக்கு ஒரு பெட்டி வீதம் தியாகேசன் நட்டு வைத்திருக்கிறான். அவன் மட்டும் இல்லாவிட்டால் டெல்டாவில் ஒருத்தர் குரல் இன்னொருத்தர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இதில் முக்கால் பங்கு கலப்படம் என்பதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. பெட்டி ஊருக்கொன்று இருந்தாலே அதிகம். அதிலும் பாதியை நட்டது வேறு ஆட்கள். குரல் போய்ச் சேர நம் பக்கத்து ஜனங்களுக்குக் கம்பியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று ரகசியம் பேசினால் அடுத்த ஊர் ஆடு திரும்பிப் பார்க்கும். மீதிக் கால் பங்கு சத்தியம். அந்தக் கால் பங்குதான் இங்கே.

பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் சாம்பல் நிறத்தில், பீரோவுக்குத் தம்பி மாதிரி நிற்கும். அதன் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கும். அந்த அஞ்சலியின் மேலேயே ஒரு காதுகுத்தும் ஒட்டியிருக்கும். டவுனிலிருந்து போனையும் இணையத்தையும் சுமந்துகொண்டு மண்ணுக்கடியில் வருகிற தடித்த கேபிள் அதற்குள் நுழைந்து, இழை இழையாகப் பிரிந்து, வீடு வீடாகப் போகும். எந்த இழை எந்த வீட்டுக்கு என்று இணைத்து வைக்கிற இடம் அது. தியாகேசன் ஆரம்பத்தில் இந்தக் கேபிளுக்குப் பள்ளம் வெட்டினான். பிறகு பெட்டி சுமந்தான், பிறகு பெட்டி நட்டான். பெட்டிக்குள் குடியேறிய குளவி, ஓணான், ஒரு தடவை ஒரு சாரைப்பாம்பு என்று எல்லாரையும் மரியாதை குறையாமல் வெளியே அனுப்பி வைத்தான். கை சுத்தமான வேலைக்காரன். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான்.

பெண் பார்க்கப் போன இடத்தில், "எங்க அமிர்தம் நல்லா பாடும்" என்றார்கள். நம்பினான். கல்யாணமாகிப் பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகும், அமிர்தம் தொண்டையைச் செருமினால் இன்றைக்கும் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான். அவள் "ரசம் வேணுமா?" என்பாள்.

இத்தனை வருஷமும் வேறொரு காண்டிராக்டருக்குக் கீழேயே வேலை செய்தவனுக்கு, முதல் தடவையாகப் போன் கம்பெனியிடமிருந்து தன் பேரில் ஒரு பெட்டி கிடைத்தது. அது தேறினால் அங்கிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் நடவேண்டிய பெட்டியெல்லாம் அவனுக்கு. தேறாவிட்டால் மறுபடியும் அடுத்தவன் கடப்பாரை. அந்தப் பெட்டி போய் வாய்த்த இடம் கொக்கடிமங்கலம், வாய்க்கால் தெரு.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் சுற்றிலும் நெல் விளைகிற ஊர். தியாகேசன் வண்டியை நிறுத்தியதும் இளவழகன் டீக்கடையில் தெருவே கூடிவிட்டது.

"ஆத்துலேந்து வாய்க்கால், வாய்க்கால்லேந்து வயல். இந்தப் பெட்டி மதகு மாதிரிங்க" என்று எல்லா ஊரிலும் சொல்வதைச் சொன்னான்.

"அப்ப முறை வச்சுத்தான் விடுவீங்களா தம்பி?" என்று கேட்டார் இளையபெருமாள். ஆறடி உயரம்; அந்தத் தெருவில் எந்தப் பேச்சுக்கும் முதல் வாய் அவருடையதுதான். "ஏன்னா எங்க வீடு கடைமடை. மேல உள்ளவன் பூரா இழுத்துக்கிட்டான்னா, சிங்கப்பூர்ல இருக்குற எம்மவன் மூஞ்சி எனக்குப் பாதிதான் தெரியும்."

"எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதாங்க மாமா. அது கெடக்கட்டும், இங்க வெள்ளம் எவ்வளவு ஏறும்?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் கேட்டே ஆகவேண்டும். பெட்டியின் அடி, வெள்ளம் ஏறுகிற மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கவேண்டும். அந்த மட்டத்தை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது கம்பெனி விதி. விதியை எழுதிய மகராசன் டெல்டாப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை போலிருக்கிறது.

போன ஐப்பசியில் மழை பெய்தது நிஜம். தெருவில் தண்ணீர் நின்றதும் நிஜம். வாத்துகள் நடந்துதான் போயின என்பதும் நிஜம். ஆனால் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் வாய்க்கால் தெரு ஒரே குரலில் "கழுத்தளவு" என்று சொல்லியிருந்தது. அப்படிச் சொன்ன வாயால், இன்றைக்குப் பெட்டி நட வந்தவனிடம் கணுக்கால் என்று சொல்ல முடியுமா? நாளைக்கே ஒருவர் கணக்கு இன்னொருவர் காதுக்குப் போனால்?

"கழுத்தளவு" என்றார் இளையபெருமாள்.

தியாகேசன் டேப்பை எடுத்தான். "கொஞ்சம் நேரா நில்லுங்க மாமா." பாதத்திலிருந்து கழுத்து வரைக்கும் அளந்து, மின்கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கோட்டைத் தெருவே கிட்டே வந்து பார்த்தது. தங்கள் பொய் இவ்வளவு உயரம் என்று அவர்களே அதுவரை பார்த்ததில்லை.

இளவழகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணன் நின்ன எடம் மேடுங்க. நம்ம கடை பள்ளம். இங்கல்லாம் இன்னும் ஒரு முழம் கூட."

தியாகேசன் ஒரு முழம் கூட்டினான். அதற்கு மேல் விதிப்படி ஒரு சாண். கம்பி கட்டி, பலகை அடைத்து, ஜல்லியும் சிமெண்டும் கஞ்சத்தனம் இல்லாமல் கொட்டி, பேஸ்மட்டம் எழுப்பினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நின்று கும்பிட்டது. அதன் தலையில் பெட்டியை ஏற்றியபோது ஏணி பிடிக்கவே ஆள் வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் தெரு அண்ணாந்து பார்த்தது.

"தம்பி, தேர்ல சாமிய ஏத்துன மாதிரி இருக்கு" என்றாள் தங்கம்மாள். இளையபெருமாளின் மனைவி, புருஷன் பேசி முடித்த பிறகு மிச்சத்தைச் சரிபண்ணுகிற வேலை அவளுடையது. "வடம் எங்க?"

அவன் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுக் கம்பெனி இன்ஜினியர் மதிவதனி போன் பண்ணினாள். "அண்ணே, என்னங்க இது? பெட்டி வைக்கச் சொன்னா வாட்டர் டேங்க் கட்டி வச்சிருக்கீங்க?"

"வெள்ளமட்டம் மேடம். கழுத்தளவு."

"யாரு கழுத்து, ஒட்டகத்தோடதா? நாளைக்கு வர்றேன். தண்ணி நின்ன அடையாளத்தைக் காட்டுங்க."

தியாகேசன் பயந்தான். தெரு அவனைவிட அதிகமாகப் பயந்தது. இன்ஜினியர் வந்து 'இங்கே தண்ணீரே ஏறவில்லை' என்று எழுதிவிட்டுப் போனால், கழுத்தளவு என்று சொன்ன கழுத்துகளையெல்லாம் யார் காப்பாற்றுவது? இளையபெருமாளின் தம்பி மகன் அறிவுச்செல்வன் பெயிண்டர். அவனைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார்கள். தியாகேசனிடம் மட்டும், "அடையாளமெல்லாம் இருக்கு தம்பி, நீ பாக்கல. காலைல வெளிச்சத்துல தெரியும்" என்றார்கள். நம்பினான்.

மறுநாள் மதிவதனி வண்டியை விட்டு இறங்கியபோது, உண்மையாகவே தெரிந்தது. தெருவின் ஒவ்வொரு சுவரிலும் கழுத்து உயரத்தில் வாய்க்கால் சேற்று நிறத்தில் ஒரு கறைக்கோடு. நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். தியாகேசனுக்கு மெய் சிலிர்த்தது. 'இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்றே' என்று தன்னையே நொந்துகொண்டான்.

மதிவதனி கோட்டைத் தொடர்ந்தே நடந்தாள். இளையபெருமாள் வீடு, டீக்கடை, மின்கம்பம் என்று வந்து, கடைசியில் தியாகேசனின் பேஸ்மட்டத்துக்கு முன்னால் நின்றாள். அதிலும் கோடு இருந்தது.

"வெள்ளம் எப்ப வந்துச்சுங்க?"

"போன ஐப்பசில, மேடம்" என்றது தெரு.

"இந்த பேஸ்மட்டம் எப்ப கட்டினீங்க அண்ணே?"

"போன வாரம்" என்றான் தியாகேசன். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

தெரு அறிவுச்செல்வனைப் பார்த்தது. அறிவுச்செல்வன்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். "வேலைன்னு எடுத்துட்டா நடுவுல விட்டுட்டுப் போக மனசு வரல மேடம்."

மதிவதனி சிரித்த சிரிப்பில் டீக்கடைக் கூரையிலிருந்த காக்கை பறந்தது. "நானும் பக்கத்து ஊருதாங்க. எங்கப்பா கழுத்தோடல்லாம் விடல. எங்க வீட்டுல தண்ணி தலைக்கு மேல போச்சுன்னாரு. அப்ப நீங்க எங்கய்யா நின்னீங்கன்னு கணக்கெடுக்க வந்தவங்க கேட்டாங்க. 'நீந்திக்கிட்டுல்ல இருந்தேன்'னாரு."

தெரு ஒரு பெருமூச்சு விட்டது. நம்ம பொண்ணு!

ஆனால் நம்ம பொண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பெட்டிக்கு அடியில் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். எம்பினாள். கதவின் பூட்டுகூட எட்டவில்லை. "வெள்ளத்தை நான் விசாரிக்கல. அது எனக்கு வேலை இல்ல. ஆனா தரையில நின்னா கை பெட்டிக்குள்ள எட்டணும், அதுவும் விதிதான். ரிப்பேருக்கு வர்றவன் ஒவ்வொரு தடவையும் ஏணி தூக்கிட்டு வருவானா? இடிச்சுட்டு மறுபடி கட்டுங்க. இல்லன்னா எட்டுற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க. ஒரு வாரம். தப்புனா என் கையில ஒண்ணும் இல்ல அண்ணே."

தியாகேசன் இடிக்கத்தான் போனான். கடப்பாரையை ஓங்கிப் போட்டான், கடப்பாரை வளைந்தது. சம்மட்டியால் அடித்தான்; பிடி உடைந்தது. கல்லணைக்குப் பிறகு காவிரிக் கரையில் அப்படி ஒரு கட்டுமானம் எழும்பவில்லை. பொய்யை நம்பிக் கட்டினாலும் சிமெண்டு நிஜமாயிற்றே. அதன் காலடியிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அதிராம்பட்டினம் வரைக்குமான பெட்டியெல்லாம் ஒவ்வொன்றாக அவன் கண்முன்னால் வேறு ஆள் பேருக்கு மாறிக்கொண்டிருந்தன.

தங்கம்மாள் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஏன் தம்பி, பெட்டியக் கீழ எறக்க முடியாது. அவ்வளவுதானே?"

"ஆமாங்க அத்தை."

"தரைய மேல ஏத்தேன்."

தியாகேசன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னத்தப் பாக்குற? ரோடு போடறவன் வருஷா வருஷம் அதத்தானே பண்றான்? பழைய ரோட்டு மேலயே புது ரோட்டப் போட்டுப் போட்டு, எங்க வாசப்படி பூரா இப்ப பள்ளத்துல கெடக்கு. அவன யாரு கேட்டா?"

வாய்க்கால் தூர்வாரிய மண் கரையில் குவிந்து கிடந்தது. ஊரார் டிராக்டர் கொண்டுவந்தார்கள். தங்கள் வாயால் வந்த வினை என்று அவர்களுக்கும் தெரியும். அறிவுச்செல்வன் மண்வெட்டி பிடித்தான். இளையபெருமாள் வேலையை மேற்பார்வை பார்த்தார், அதாவது நிழலில் நின்றார். பெட்டியைச் சுற்றி மண் ஏறி ஏறி, திமிசு போட்டு இறுகி, தெருமுனையில் ஒரு குன்று எழுந்தது. டெல்டாவில் குன்று என்றால் சின்ன விஷயமா? பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளாடு உச்சியில் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது.

மதிவதனி வந்தாள். மேட்டில் ஏறினாள். தரையில்தான் நின்றாள், அது தரை இல்லை என்று யார் சொல்ல முடியும்? கை பெட்டிக்குள் நன்றாக எட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு தாளில் ஏதோ குறித்தாள்.

"இப்ப பாதி தேறிட்டீங்க அண்ணே. இந்த ஐப்பசி மழையை உங்க பெட்டி தாண்டட்டும். தெருவுல ஒரு வீட்டு லைனும் அறுந்து போகலன்னா, மீதிப் பெட்டியும் உங்களுக்குத்தான்."

ஐப்பசி வந்தது. வானம் பொத்துக்கொண்டது. விடாமல் பெய்து ஓய்ந்த காலையில், அமிர்தம் தடுக்கத் தடுக்க மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கொக்கடிமங்கலத்துக்கு ஓடினான் தியாகேசன். வழியெல்லாம் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மேட்டில் ஏறிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே விபூதி மடித்து வைத்த காகிதம் மாதிரி உலர்ந்திருந்தது. நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவின் மழைத்தண்ணீரெல்லாம் புது மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி, நேர் எதிரே இருந்த இளையபெருமாள் வீட்டு வாசலுக்குள் மாப்பிள்ளை மாதிரி நுழைந்துகொண்டிருந்தது.

உள்ளே ஓடினான். கூடத்தில் தண்ணீர். இளையபெருமாள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பீரோவின் மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த இணையப் பெட்டியோடு இணைத்திருந்த வீட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா மதிவதனி! வாய்க்கால் தெருவுலேந்து பேசறேன்மா! தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு! கழுத்தளவு!"

மறுமுனையில் மதிவதனியின் குரல் ஸ்பீக்கரில் பளிச்சென்று கேட்டது. "ஐயா, டவரெல்லாம் படுத்துக் கெடக்கே? எந்த லைன்ல பேசறீங்க?"

"எந்த லைனா? நம்ம தியாகேசன் பெட்டி லைன்லதான்!"

தியாகேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நனைந்த கையால் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அண்ணன் பெட்டி பாஸ்! சரிங்க, வடிகாலுக்கு ஆள் அனுப்பச் சொல்றேன். தண்ணி நெசமாவே கழுத்தளவா?"

தங்கம்மாள் புருஷன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"கழுத்தெல்லாம் இல்லம்மா, கணுக்காலுதான். ஆனா இந்தத் தடவ நெசம்."