டிஸ்க் காலியாக வந்தது

குற்றாலத்தில் எனக்கு ஒரு போட்டோ கடை. படிப்பு எட்டாவது. கம்ப்யூட்டரில் எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பது பாதி தெரியாது.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் காலை, வடகரையிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரர் வந்தார். போன வருடம் பண்பொழியில் அவர் கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. மண்டபத்தில் அவருடைய அப்பா மைக்கை வாங்கி நாலு வார்த்தை பேசினார். அந்த அப்பா இறந்து ஒரு மாதம்.

"குடுத்த பென்டிரைவ் தொலைஞ்சு போச்சு அண்ணாச்சி. செல்லுல எடுத்ததுல மேளச் சத்தம்தான் கேக்குது. அப்பா பேசினது உங்ககிட்டதான் இருக்கும். சாயங்காலம் தென்காசியில ரயிலு. கையோட கொண்டு போயிருதேன்."

"இருக்கு தம்பி. உக்காருங்க."

எடுத்த வீடியோவையெல்லாம் போட்டு வைக்கும் டிஸ்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். வரவில்லை. மாட்டிய டிஸ்கையெல்லாம் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். உடனே ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. ஓகே கொடுத்தேன். கீழே அந்த டிஸ்க் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. புது டிஸ்க் வாங்கினால் செய்வதையே செய்தேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். டிஸ்க் வந்தது. காலியாக வந்தது.

கழற்றிப் பார்த்தேன். ஒயர் மாட்டும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்திருந்தது. பூஜைக்குக் கேமரா, கம்ப்யூட்டர், டிஸ்க் எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். குண்டூசியால் சுரண்டி மாட்டினேன். அப்போதும் காலி. முதலிலேயே சுரண்டியிருந்தால் போதும்.

உள்ளே போய்த் தென்காசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, அது கேட்டா நீ ஓகே குடுத்துருவியா? இனிமே அதுல ஒண்ணையும் ஏத்தாத. அழிஞ்சதைத் தேடி எடுக்க ஸ்கேன் போடு. வந்தா வரும்."

ஸ்கேன் போட்டேன். பத்தடிக் கடை. அவர் வாசலை ஒட்டி ஸ்டூலில் இருந்தார். ஒரு டீ குடிக்கப் போவதென்றாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். போகவில்லை. மழை வேறு.

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் இப்படித்தான் அண்ணாச்சி. என்னைய விட ஜாஸ்தி லீவு எடுக்கும்."

சிரித்து வைத்தேன். மதியம் ஸ்கேன் முப்பது சதவீதம். அவர் எனக்கும் சேர்த்துப் பரோட்டா வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தேன். நாலு மணிக்கு நாற்பத்தொன்று. அவர் பையை எடுத்தார்.

"தம்பி, டிஸ்க் பழுது இல்ல. நான்தான் அழிச்சேன். தெரியாம ஓகே குடுத்துட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார்.

"காலையில இருந்து நான் இங்கனதானே இருக்கேன்" என்றார். "வந்தா அனுப்புங்க. வராட்டாலும் சொல்லுங்க." மழையிலேயே இறங்கிப் போனார்.

மறுநாள் ஸ்கேன் முடிந்தது. தாலி கட்டு வந்தது. பந்தி வந்தது. அப்பா மைக் வாங்கிப் பேசிய பைலுக்குப் பெயர் மட்டும் வந்தது, பைல் திறக்கவில்லை. கூட்டாளி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

போன் போட்டேன்.

"இல்ல தம்பி. அப்பா பேசினது வரல."

"வேற எங்கனயாவது பேசுதாரா, ஒரு வார்த்தை?"

"முழுசும் பாத்துட்டேன். பந்தியில உக்காந்து சாப்பிடுதாரு. பேசல."

"அதை அனுப்புங்க" என்றார்.

அனுப்பினேன்.