பலகையில் ரோசம்மா

மாரண்டஹள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆண்கள் துணி மட்டும் தைப்பேன். கடைக்கு இறந்துபோன என் மனைவி ரோசம்மாவின் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால்தான் எடுப்பு என்று பெயிண்டர் சொன்னார். சரி என்றேன்.

லேபர் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து பலகையைப் பார்த்தார்.

"தமிழ் எங்கய்யா? சட்டப்படி தமிழ் மேல இருக்கணும், மத்த பாஷை கீழ. கோர்ட்டுக்கு வர்றியா?"

"தெரியாதுங்க சார். மாத்திடறனுங்க."

கேஸ் போடாமல் தவணை கொடுத்தார். அன்றே மேலே தமிழில் எழுத வைத்தேன்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் பலகையைப் படித்துவிட்டுத் துணிப்பையோடு வந்தார்.

"ரோசம்மாக்கா இல்லீங்களா? ஜாக்கெட் தெக்கணுங்க."

இல்லை என்று அனுப்பிவிட்டேன். ரோசம்மாவின் பெயரைப் பிறர் வாயால் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அன்று வேலை ஓடவில்லை.

அதன் பிறகும் பெண்கள் வந்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர், "பொம்பள பேர வெச்சுக்கிட்டு பேண்ட் தெக்கிறியே, பேர மாத்தப்பா" என்று சிரித்தார். மாற்றவில்லை.

கடை வைத்திருப்பவர்கள் பலகையில் முதலில் தமிழில் எழுதிவிடுங்கள். நான் இப்போது ஜாக்கெட் தைக்கப் பழகியிருக்கிறேன். யாராவது அவளைக் கேட்டால், "என் சம்சாரங்க, இப்ப இல்லீங்க. துணியக் குடுங்க, நான் தெக்கிறனுங்க" என்கிறேன்.