மூன்று பச்சை விளக்குகள்

பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில் என்னிடம் ஒரு ஜப்பான் ரேடியோ இருந்தது. அதன் முகத்தில் எஃப்.எம்முக்குக் கீழே 'ஏர்' என்று ஒரு வரிசை உண்டு. முள்ளை அங்கே கொண்டுபோனால், பாயான் லெப்பாஸ் விமான நிலையக் கோபுரமும் விமானிகளும் பேசிக்கொள்வது கேட்கும். எனக்குக் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. வீட்டுக்கு வந்ததும் மாடி நடைபாதையில் நாற்காலியைப் போட்டு, ஏரியலை நீட்டிவிட்டு, கடலுக்கு மேலே தாழ்ந்து வருகிற ஜெட்டுகளைப் பார்த்தபடி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். புது ரக விமானம் ஒன்று வந்துவிட்டால் சோறு ஆறிப்போகும்.

மனைவிக்கு இதில் ஈடுபாடு கிடையாது. கணக்குப் போடுகிற கைக்கடிகாரம், இடுப்பில் மாட்டுகிற கேசட் பெட்டி என்று நான் வாங்கி வருவதையெல்லாம் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். "கையில கட்டுனா கணக்கு, காதுல மாட்டுனா பிளேன். பல்லு விளக்க ஒண்ணும் வரலையா?" என்பாள். ஆனாலும் ரேடியோவால் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. கோலாலம்பூரிலிருந்து உறவுக்காரர்கள் பறந்து வந்தால், விமானி பினாங்கைக் கூப்பிடுகிற குரல் கேட்ட பிறகு காடியை ஸ்டார்ட் செய்து கிளம்பினால் போதும். அவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற நேரத்துக்கு நாங்களும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

அன்றைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவளுடைய அப்பாவும் அம்மாவும். மாமா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. எப்போதும் ராத்திரி மெயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறித்தான் எங்களைப் பார்க்க வருவார். மாமிக்கு முட்டிவலி வந்து ரயில் படி ஏற முடியாமல் போனபோது, பறந்து வரச் சொல்லி நான்தான் போனில் வற்புறுத்தினேன். "மாமா, இப்ப வர்ற ஜெட்டுல எல்லாத்துலயும் ரெண்டு மூணு இருக்கு. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு வேலை செய்யும்" என்றேன். அவர், "தம்பி சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

சாயங்கால விமானம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. விமானியின் குரல் கேட்டதும் கிளம்பினோம். ஓடுகிற காடியில், மழைச் சத்தத்தில், ரேடியோவின் ஸ்பீக்கர் எடுபடவில்லை. அதனால் மனைவி அதை மடியில் வைத்து, ஏரியலை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே நீட்டி, இயர்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். ஒற்றைக் காதுக்கு மட்டும் வருகிற பழைய மாதிரி இயர்போன். கான்வென்டில் படித்தவள், ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். விமானக்காரர்களின் பேச்சுதான் அவளுக்குப் புதிது.

குளுகோரைத் தாண்டும்போது, "இறங்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

பாலத்துச் சந்திப்பைக் கடந்து தொழிற்சாலைப் பகுதிக்குள் நுழைந்தோம். வேலை முடிகிற நேரம். தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகிற கிலாங் பஸ்கள் இரண்டு வரிசையாகச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நகர்ந்து நகர்ந்து போனோம்.

"கோ அரவுண்டுன்னு சொல்றாரு. சுத்திப் போறாராமா?"

"மழை பெய்யுதுல்ல. ஓடுபாதை சரியாத் தெரிஞ்சிருக்காது. ஒரு சுத்து சுத்தி வருவாங்க. அடிக்கடி நடக்கிறதுதான்."

நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

அவள் இயர்போனை விரலால் அழுத்திக்கொண்டாள். "மழை இல்லைங்க. நோஸ் கியர்ங்கிறாரு. டூ கிரீன்ஸ் ஒன்லியாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்சைன்னா நல்லதுதானே?" என்றாள்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, கேக்குறேன்ல."

"மூணு வரணும்."

"எதுக்கு மூணு?"

"சக்கரத்துக்கு ஒண்ணு. இறங்கி சரியா பூட்டிக்கிச்சுன்னா பச்சை எரியும். ரெண்டு பக்கமும் எரிஞ்சிருக்கு. முன்னால இருக்கிறதுக்கு எரியல." அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், "பல்பு போயிருக்கும். பாதி நேரம் பல்புதான்" என்று சேர்த்துக்கொண்டேன்.

அது பொய்யில்லை. பல்பாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஓடுபாதையில் மூக்கு உரச நின்ற ஒரு விமானத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, நண்பர்களிடம் ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். விளக்கும்போது அதற்குள் யாருடைய அப்பா அம்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு தரமும் நினைத்ததில்லை.

"பேசாம இருக்காதீங்க" என்றாள். பிறகு சட்டென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். ரொம்ப நேரம் கேட்டாள். அவள் முகம் மாறியது.

"சோல்ஸ் எத்தனைன்னு கேக்குறாங்க." என் பக்கம் திரும்பினாள். "எதுக்குங்க ஆத்மாவை எண்ணுறாங்க?"

"விமானத்துல எத்தனை பேருன்னு கேக்குறது. எங்கயும் அப்படித்தான் கேப்பாங்க. வழக்கம் அது."

"உயிரோட இருக்கிற ஆளை யாரு அப்படிக் கேப்பா?"

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

மழை விட்டிருந்தது. பஸ்களிலிருந்து தொழிற்சாலைப் பெண்கள் தலையை வெளியே நீட்டி மேலே பார்ப்பதைக் கண்டு நானும் எட்டிப் பார்த்தேன். வடக்கிலிருந்து அந்த விமானம் தாழ வந்துகொண்டிருந்தது. இறங்குகிற வேகத்தில் வரவில்லை. கோபுரத்திலிருப்பவர்கள் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்வதற்காகத் தாழப் பறந்துபோகிறது என்று புரிந்தது. எங்கள் தலைக்கு மேலே சத்தமாகக் கடந்தது. இரண்டு பக்கமும் சக்கரங்கள். முன்னாலும் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணும் இருக்கு" என்றாள் அவள். என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் பார்த்தேன், மூணும் இருக்கு."

"ஆமா."

"அப்புறம் ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

அதற்குள் அவள் காதில் அடுத்த பேச்சு வந்துவிட்டது. சொல்லச் சொல்லக் கேட்டேன். சக்கரம் இறங்கின மாதிரி தெரிகிறதென்று கோபுரத்தில் சொன்னார்கள். பூட்டிக்கொண்டதா என்று தெரியவில்லை, தீயணைப்பு வண்டிகள் தயாராக இருக்கட்டும் என்று விமானி சொன்னார்.

"பூட்டலேன்னா?"

இனி மறைக்க முடியாது. "கீழ தொட்டதும் மடங்கிக்கும். மூக்கு தரையில இடிக்கும். பெரும்பாலும் ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் 'பெரும்பாலும்' என்ற சொல்லை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அழவில்லை. "அம்மாவால வேகமா இறங்கி ஓட முடியாது" என்றாள். அவ்வளவுதான்.

நெரிசல் விட்டதும் விமான நிலைய வாசலுக்குப் போகாமல், ஓடுபாதை தெரிகிற வேலியோரச் சாலையில் நிறுத்தினேன். ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் விளக்குச் சுழல நின்றன. அவள் இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இனி நீங்க கேளுங்க. என்னால முடியல."

மாட்டிக்கொண்டேன். இறங்க அனுமதி கொடுத்தது கேட்டது. "ரோஜர்" என்றார் விமானி. நடுத்தர வயதுக் குரல், கொஞ்சம் சளி பிடித்த மாதிரி. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான். இறங்குகிற நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இரைச்சலைத் தாங்க முடியவில்லை. மனைவி விமானத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்சக்கரங்கள் ஈரத் தரையைத் தொட்டன. தண்ணீர் தூள் கிளம்பியது. மூக்கைக் கீழே விடாமல் தூக்கிப் பிடித்தபடியே ஓடியது. வேகம் குறையக் குறைய மூக்கு தாழ்ந்தது. தொட்டது. முன்கால் நின்றது. மடங்கவில்லை.

விமானம் ஓடுபாதையிலேயே நின்றுகொண்டது. ஆட்கள் ஓடிப்போய் முன்சக்கரம் மடங்காமலிருக்க ஏதோ கம்பியைச் செருகினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி காடியின் கதவைத் திறந்து, சாலையோரப் புல்லில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

வருகைக் கூடத்தில் மாமியை ஒரு பணிப்பெண் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். "மேல ரொம்ப நேரம் சுத்துனாங்கம்மா. கூட்டமா இருந்துச்சாம். கடைசியில தலையைக் குனிஞ்சு உட்காரச் சொன்னாங்க, புது சட்டம் போல" என்றார் மாமி. மனைவி இரண்டு பேர் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பெட்டியைக் காடியின் பின்னால் வைக்கும்போது மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே உட்கார்ந்த மாமிக்குக் கேட்காத குரலில், "சக்கரம் இறங்குற சத்தம் ரெண்டு தரம் கேட்டுச்சு. அப்புறம் ஜன்னல்ல, விளக்கு சுத்திக்கிட்டு நின்ன பொம்பா வண்டியைப் பார்த்தேன். என்ன தம்பி அது?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பின்னால் நின்றிருந்தாள். "அப்பாகிட்ட சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "நான்தான் வற்புறுத்தி வரச் சொன்னேன், மாமா. போறப்ப ரயில்லயே டிக்கெட் எடுத்துடலாம்" என்று முடித்தேன்.

"விளக்கு எரியலேன்னு பைலட் இறங்காம திரும்பிப் போனான்ல?"

"ஆமா."

"இறங்கிப் பார்ப்போம்னு வரல."

"இல்ல."

"அவளால ரயில் படி ஏற முடியாது. இருக்கிற பிளேன் டிக்கெட்டே இருக்கட்டும்" என்றார். பிறகு, "அவகிட்ட இதைச் சொல்ல வேணாம் லா" என்று காடியின் பின்மூடியைத் தானே அடித்துச் சாத்தினார். 

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள். வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் ரேடியோவைத் தொடவில்லை; அவளும் போடச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கோலாலம்பூரிலிருந்து போன் வரும்வரை சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம், இரண்டு பேர் சாப்பாட்டுக்கு வேண்டியதைவிட ரொம்ப அதிகமாக.