இரண்டு கேமராக்களோடு வந்தவர்

கரடியூர் வியூ பாயிண்ட்டில் டீக்கடை வைத்திருக்கிறேன். போன மார்கழியில் ஒருவர் மனைவியோடு வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் இரண்டு கேமரா. பனி படக்கூடாதென்று ஒவ்வொரு படம் எடுத்ததும் லென்ஸை மூடி போட்டு அடைத்துவிடுவார். கை தானாகவே அதைச் செய்தது.

“ரெண்டும் ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ்ஸுங்க. வாடகைக்கு எடுத்தாந்தேன், ஒண்ணைத்தான் வாங்கணும்” என்றார். “கண்ணு வெக்கிற எடத்துல குட்டித் திரை இருக்குது, வெளிச்சத்தைக் கூட்டிக்கலாம். கல்யாணத்துக்குப் படம் புடிக்கிறதுதான் எங்க தொழிலு. பொம்பளைங்க பக்கம் புடிக்கிறது இவதானுங்க. சர்க்கரையால பார்வை போயிட்டே இருக்குது. இவளுக்கு எதுல தெரியுதோ அதை வாங்கிடலாம்னு வந்தோம்.”

அந்த அம்மா முதல் கேமராவில் பார்த்தார். “நொம்ப வெளுத்துக் கெடக்குதுங்க, உங்க மீசையாட்டம்” என்றார். இருவரும் சிரித்தார்கள். இரண்டாவதில் அவர் ஒரு படம் எடுத்துவிட்டு மனைவி கையில் கொடுத்தார். அந்த அம்மா கண்ணை வைத்தார்.

“இதுல நல்லாத் தெரியுதுங்க! மலை, கீழ ரோடு, எல்லாமே தெரியுது.”

லென்ஸ் மூடி போட்டபடியே இருந்தது. உள்ளே வெறும் இருட்டுதான் தெரிந்திருக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். அவரும் மூடியைப் பார்த்துவிட்டார். என்னிடம் வேண்டாமென்று தலையசைத்தார்.

“அப்ப இதையே வாங்கிக்கலாம் கண்ணு” என்றார், குரல் மாறாமல். கண் மட்டும் நிறைந்திருந்தது.

தினமும் எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு விளக்கேற்றும்போது அந்த அம்மாவின் பார்வைக்காக வேண்டிக்கொள்கிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். சேர்வராயா, அவர் மூடியைப் பார்த்துவிட்டது மட்டும் அந்த அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்.