நேரில் வந்து அழைக்கச் சொன்னவர்

எங்கள் அப்பா திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கினார். தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர்தான். நேர்மையானவர், உழைப்பாளி என்று இந்த நினைவஞ்சலியில் எழுத வேண்டும், அதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவரோடு குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் எழுதாவிட்டால் அம்மா என்னை மன்னிக்க மாட்டார்.

வலங்கைமானில் இருக்கும் சித்தப்பா தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினார். அண்ணன் வீட்டுக்கு நேரில் வந்து அழைக்கவில்லை. அவ்வளவுதான். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. எட்டு வருடம் இருவருக்கும் பேச்சு இல்லை.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது, எதிர்வீட்டுக் கிறிஸ்தவ டீச்சரிடம் அவர்களுடைய வேத புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கைகால் கழுவி, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டுதான் அதைத் திறப்பார். ஒருநாள் நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்துவிட்டதற்கு ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்தார்.

அதில் இரண்டு மகன்களின் கதை வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளையவனுக்கு வீட்டில் விருந்து. வயலில் நிற்கும் மூத்தவனுக்கு ஆட்டம்பாட்டச் சத்தம் கேட்டுத்தான் விஷயமே தெரிகிறது. கோபித்துக்கொண்டு உள்ளே போக மறுக்கிறான்.

“ஏன் டீச்சர், வயல்ல நிக்கிறவனுக்கு ஒரு ஆள் அனுப்ப மாட்டாங்களா?”

“அதான் அவங்க அப்பாவே வெளிய வந்து கூப்பிடுறாருல்ல அண்ணே.”

“பெரிய மனுசன், வந்து கூப்பிட்டாரு. அப்புறம் இவன் உள்ள போனானா இல்லையா?”

“அது எழுதலைங்க அண்ணே.”

“இவ்வளவு பெரிய புத்தகத்துல அதுக்கு இடமில்லையா?”

இதையே மாதக்கணக்கில் எங்களிடமும் பால்காரரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் வாசல் கதவைத் திறக்கவே யோசித்தார். ஆனால் நாங்கள் கதையைக் குறை சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். “அவங்க வேதம்மா. தெரிஞ்சேதான் விட்டிருப்பாங்க. போறதும் போகாததும் அவன் பாடு” என்றார் ஒருநாள்.

“அப்ப நீங்க சித்தப்பா வீட்டுக்குப் போங்களேன்.”

“என்னைய யாரு வந்து கூப்பிட்டா?”



தஞ்சாவூர் மருத்துவமனையில் கடைசி வாரம். “தம்பிய வரச் சொல்லு. நேர்ல போய்க் கூப்பிடு” என்றார். இந்த நிலையிலும் முறை பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சல். போனில்தான் கூப்பிட்டேன். “பார்க்கலாம்மா” என்றார் சித்தப்பா. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். சாவுக்கு யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லையே, சித்தப்பா முதல் ஆளாக வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இரண்டு பேர் மீதும் எனக்கு இன்னும் கோபம்தான். என் மீது அதைவிட அதிகம். வலங்கைமான் என்ன வெளிநாடா? போயிருக்கலாம்.

மருத்துவமனையில் மாறி மாறி உடனிருந்த டீச்சருக்கும், தோள்கொடுத்த ஊராருக்கும், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு அழைக்க, போன வாரம் சித்தப்பா வீட்டுக்கு நேரில் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் சொன்னார்: “இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்த? ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருக்க மாட்டேனா?”