தட்டு இல்லாத அட்டை

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில், கீரைக் கடைகளுக்கு நடுவே பழைய இசைத்தட்டு விற்ற யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி, நரைத்த மீசை. எந்தத் தட்டையும் விளிம்பில் மட்டும் பிடித்து, வெயிலில் சாய்த்துக் கீறல் பார்த்துக்கொண்டே இருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு பிரிட்டிஷ் ஃபோக் ராக் ஆல்பத்தை எடுத்தேன். யாரும் கேள்விப்படாத குழு. அட்டையில், பனிமூட்டத்தில் ஒற்றைக் குதிரை.

“வீட்டில பிளேயர் இருக்கோ?” என்று கேட்டார்.

“இல்லைங்க. அட்டை அழகா இருக்கு, ஹால்ல மாட்டத்தான்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவங்கள் என்ன, சுவருக்கோ பாடினவங்கள்?”

தட்டை உருவித் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெறும் அட்டையை நீட்டினார். “உங்களுக்கு இது போதும். காசு வேண்டாம், கொண்டு போங்கோ.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் முகத்திலேயே அதை விட்டெறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன். ஃப்ரேம் போட்டு மாட்டியும் விட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “பாட்டெல்லாம் எப்படி இருக்கும்?” என்று கேட்கிறார்கள்.

“பிரமாதமா இருக்கும்” என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.