தலைவரைக் கடைசி வீட்டில் உட்கார வைத்தோம்

போன வெள்ளிக்கிழமை காலை ரயிலில், சாம்பியன் ரீப்ஸுக்கும் பங்காருப்பேட்டைக்கும் நடுவில், நாங்கள் இந்தியாவின் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்திவிட்டோம். காபிகூடக் குடிக்காமல்.

எங்கள் பெட்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடிகிறபோது ரயில் ஏறினால், விளக்கு வைத்த பிறகுதான் வீடு. வாழ்க்கையில் பாதி ரயிலிலேயே போய்விடுவதால் நாட்டைத் திருத்துகிற வேலையையும் அங்கேயே வைத்துக்கொள்கிறோம். வேறு எப்போது செய்வது, சொல்லுங்கள்?

அன்றைக்கு விவகாரத்தைக் கிளப்பியது ஒரு பஸ் ஸ்டாப். ஏற்கெனவே இருக்கிற பஸ் ஸ்டாப்புக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டி, யாரோ ஒரு பிரமுகர் மறுபடியும் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைச் சொன்னதுதான் தாமதம். பெட்டி பற்றிக்கொண்டது.

முதலில் தேவா. ஐ.டி. கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க்கில் இருக்கிற பையன். பாதி தமிழ், பாதி பெங்களூர். "எலெக்ஷன்ல ஜெயிச்ச அன்னிலேர்ந்து லைவ் லொகேஷன் ஆன் பண்ணி வெக்கணும் அக்கா. ஓட்டு போட்டவங்க எல்லாம் போன்லயே பாக்கலாம். தொகுதியில இருந்தா பச்சை. ரிசார்ட்ல இருந்தா செவப்பு."

கர்நாடகத்தில் இருப்பவர்களுக்கு ரிசார்ட் என்றால் தனியாக விளக்கம் தேவையா என்ன... பெட்டியே சிரித்தது.

எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. மந்திரிகளுக்குக் கார் கூடாது, சீசன் பாஸ்தான் என்றேன். அதுவும் மாரிக்குப்பத்தில் ரயில் கிளம்புகிற இடத்தில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிற பாஸ் இல்லை. பங்காருப்பேட்டையில் ஏறி, ஒற்றைக் காலில் பெங்களூர் வரை நிற்கிற பாஸ். ஒரே மாதத்தில் கூடுதல் ரயில் வந்துவிடும் என்று நான் அடித்துச் சொல்ல, பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா, "பாஸையும் அவங்களே க்யூவுல நின்னு வாங்கணும்" என்று பிற்சேர்க்கை கொடுத்தார். ஏகமனதாக நிறைவேறியது.

ரயில் ஊரிகத்தில் நின்றபோது ராஜேந்திரன் ஏறினார். வைட்ஃபீல்டில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். அதைவிட முக்கியம், ஊரிகத்தில் தன் லைனுக்குத் தண்ணீர் கமிட்டித் தலைவர். லைன் என்றால் மைன்ஸ் காலத்தில் கட்டிய ஒரு வரிசை ஓட்டு வீடுகள். ஆள் நல்லவர். குரல் மட்டும் மைக் வைக்காமலே மைக் வைத்தது மாதிரி இருக்கும்.

விஷயத்தைக் கேட்டதும் பையை மேலே வைத்தார். சட்டைக் கையை மடித்தார்.

"இன்னாத்துக்கு ஆப்பு, லொகேஷனு? எங்க அப்பாரு காலத்துல இருந்ததே போதும். டோக்கன்."

எங்கள் ஊரில் டோக்கன் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதை போர்டில் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு டோக்கன் குறைந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அவரைக் கண்டுபிடிக்காமல் யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது.

"அதே கணக்குதான்" என்றார் ராஜேந்திரன். "ஒரு வீட்டுல கம்ப்ளைன்ட்டு வந்தா, பதவில கீறவன் அந்த வீட்டுக்குப் போயி உக்காரணும். அந்த வேல முடியற வரைக்கும் கீழ இறங்கின மாதிரி. வெளிய வரக்கூடாது. வேல முடிஞ்சாதான் ஷிப்ட் முடிஞ்சுது. வார்டு மெம்பர்லேர்ந்து பிரதம மந்திரி வரைக்கும்."

அடடா. எத்தனை வருடமாகப் பேப்பரில் தலையங்கம் படிக்கிறேன், ஒருத்தருக்காவது இது தோன்றியதா? ரோடு சரியில்லையா, ரோட்டோரத்து வீட்டில் எம்.எல்.ஏ. கரண்ட் இல்லையா, அந்த இருட்டு வீட்டில் மின்சார மந்திரி, கையில் விசிறியோடு. எனக்கு மயக்கமே வந்துவிட்டது. "டோக்கன் சட்டம்" என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தேன். தேவா கைதட்டினான். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியவர்கள் ஒரு கையால் தொடையில் தட்டினார்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லாவைக் கவனித்தேன்.

ஸ்டெல்லாவும் ராஜேந்திரனின் லைன்தான். லைனில் கடைசி வீடு. பெங்களூரில் ஒரு லேபில் டெக்னீஷியன். அன்றைக்கும் ரயில் நகர்ந்த பிறகு ஓடி வந்து ஏறியிருந்தாள். சுடிதார் ஓரம் நனைந்து, தலை சரியாக வாராமல், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"அண்ணா, ஒரு டவுட்டு" என்றாள். "இந்தச் சட்டம் தண்ணி கமிட்டித் தலைவருக்கும் உண்டா?"

ராஜேந்திரன் அந்த உற்சாகத்தில் யோசிக்கவே இல்லை. "பதவின்னா பதவிதாம்மா. எனக்கும் உண்டு."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்கண்ணா. தண்ணி வரல."

ராஜேந்திரன் வழக்கமான பதிலைச் சொன்னார். "மேல சொல்லியிருக்கேன்மா."

"நீங்க மேல சொல்லிகினே கீறீங்க. நான் பக்கத்து லைனுக்குத் தண்ணி வர்ற நாளெல்லாம் அவங்க குழாயில நின்னு, அந்தக் குடத்தைத் தூக்கி வெச்சுட்டு ஓடியாறேன். மாமியாருக்கு முட்டிவலி, அவங்களால முடியாது. இவரு ஓசூர்ல கீறாரு, ஞாயித்துக்கெழமைதான் வருவாரு. போன வாரம் ரயிலை விட்டுட்டேன். இன்னொரு தடவ லேட்டானா வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு அண்ணா. வேல போயிடும்."

குரல் உயரவில்லை. ஆனால் நாங்கள் அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ராஜேந்திரன் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருத்தராவது காப்பாற்றுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. ம்ஹூம். கடைசியில், "சரிம்மா, நாளைக்கே வந்து உக்கார்றேன்" என்றார்.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, எல்லாருக்கும் லீவு. அந்த லைனுக்குத் தண்ணீர் விடுகிற நாளும்கூட. சுதந்திர இந்தியாவில் டோக்கன் சட்டம் முதன்முதலாக அமலுக்கு வருகிறது... நான் பார்க்காமல் இருப்பேனா? இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு சாம்பியன் ரீப்ஸிலிருந்து ஆட்டோ பிடித்தேன். தேவா பைக்கில் வந்துவிட்டான்.

ஸ்டெல்லா வீட்டு முன்னறையில், குழாய்க்கு நேர் எதிரே நாற்காலி போட்டிருந்தார்கள். ராஜேந்திரன் துவைத்த சட்டை, விபூதி, கையில் பேப்பர். எதிரே சுவரில் மாதா படம். வாசல்படியில் ஸ்டெல்லாவின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைவர் தப்பித்துப் போக வேண்டுமென்றால் அந்தக் காலைத் தாண்டிப் போக வேண்டும். அந்தத் தைரியம் ஊரிகத்தில் யாருக்கும் கிடையாது.

நேரமானது. குழாய் இருமியது. கொஞ்சம் காற்று விட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"ஏர் லாக்" என்றார் ராஜேந்திரன், பேப்பரை மடிக்காமல்.

"அது எனக்கும் தெரியும்பா. தண்ணி எப்ப வரும்?" என்றார் மாமியார்.

வார்டு மெம்பருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. என்ஜினீயருக்குப் போட்டார், பிசி. கடைசியில் வால்வு திறக்கிறவருக்கு. அவர் உடனே எடுத்தார். "இன்னா சார் வெளாட்றீங்க? தொறந்து எவ்ளோ நேரமாச்சு. ஃபுல் பிரஷர்ல விட்டுகினு கீறேன்" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே?

தலைவர் எழுந்திருக்கக் கூடாது, சட்டம். அதனால் நானும் தேவாவும் கிளம்பினோம். தேவா வீடியோ கால் போட்டு போனை முன்னால் பிடித்துக்கொண்டான். லைனில் முதல் வீட்டை நோக்கி நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு 'கும்ம்ம்' சத்தம். குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். முன்பக்கம் போகப் போகச் சத்தம் கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, தரையே அதிருகிற மாதிரி ஒரு மோட்டார். ஓட்டுக்கு மேலே இரும்புக் காலில் ஒரு நீலத் தொட்டி, அது நிரம்பி வழிந்து சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீரைத் தேவா போனில் காட்டினான்.

"இது யாரு வீடு?" என்றது போனுக்குள்ளிருந்து ராஜேந்திரனின் குரல், பயங்கரக் கோபத்தில்.

தேவா கதவுப்பக்கம் போனைத் திருப்பினான். வெளியே வந்து நின்றவர் திருமதி மல்லிகா ராஜேந்திரன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்து முனைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது போனில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"மல்லிகா, மோட்டார ஆஃப் பண்ணு."

"யாரு சொல்றது?"

"கமிட்டித் தலைவரு சொல்றேன்."

"தலைவரா? அவரு எல்லாத்தையும் மேல சொல்லியிருக்காராமே, அங்க போயி கேளுங்க."

"இந்த மோட்டாரு எப்பலேர்ந்து ஓடுது?"

"நீங்கதான வாங்கினு வந்து மாட்டினீங்க?"

"அது மேல தொட்டிக்கு ஏத்தறதுக்கும்மா..."

"தொட்டிக்கு எங்கருந்து ஏறுதுன்னு நெனச்சீங்க?"

இதில் ஒரு விஷயம் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் நடிக்கவில்லை. தண்ணீர் வருகிற நேரத்தில் அவர் எப்போதும் ரயிலில் இருக்கிறார், அரசியல்வாதிகளைத் திட்டிக்கொண்டு. லீவு நாளென்றால் தூக்கத்தில். வீடு திரும்பும்போது தொட்டி நிறைந்திருக்கும். தண்ணீர் கமிட்டித் தலைவர் தன் லைனில் தண்ணீர் வந்து பார்த்ததே இல்லை.

"நீ ஆஃப் பண்ணலன்னா நான் வீட்டுக்கே வர முடியாதும்மா. இங்கயேதான் இருக்கணும். சட்டம்."

மல்லிகா கொஞ்சம் யோசித்தார். "எத்தன நாளைக்கு?" என்று கேட்டார்.

பிறகு உள்ளே போய் ஸ்விட்சை அணைத்தார். அதோடு நிற்கவில்லை. நைட்டிமேல் ஒரு டவலைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். "நான் அணைச்சுட்டேன். உங்களுது?" அடுத்த வீடு. "எங்கள்து அணைச்சாச்சு. உங்களுது?" எல்லாரும் போடுவதால்தான் எல்லாரும் போட்டார்கள். ஒருத்தர் அணைத்ததும் மற்றவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. 'கும்ம்ம்' ஒவ்வொன்றாக நின்றது. லைன் முழுக்க அப்படி ஒரு அமைதி. காக்காய் கத்துவது கேட்டது.

நாங்கள் ஓடினோம். கடைசி வீட்டுக்குள் நுழையும்போது குழாய் மறுபடி இருமிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. அப்புறம் தெளிந்து, விரல் கனத்தில், நிற்காமல் கொட்டியது.

ஸ்டெல்லா குடத்தை வைக்கவில்லை. முதலில் கையை நீட்டி, தண்ணீருக்குக் கீழே அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். ராஜேந்திரன் பேப்பரைப் பார்ப்பது மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் கிளம்பட்டுமா?" என்றார்.

மாமியார் காலை மடக்கவில்லை. "இருப்பா. அண்டா நெறையட்டும். அப்பறம் வாசல் லைட்டு எரியல, அதுவும் உன் கமிட்டியில வருதா?"

அதற்குள் செய்தி பரவி வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தருக்குச் சாக்கடை, ஒருத்தருக்குத் தெரு நாய், ஒருத்தருக்கு வேலைக்குப் போகாத மகன். மதியச் சாப்பாட்டையும் அங்கேயே போட்டார்கள் தலைவருக்கு. மீன் குழம்பு. மாலையில்தான் டோக்கன் மேலே வந்தது.

அடுத்து பக்கத்து லைனுக்குத் தண்ணீர் விடுகிற நாள், அதாவது ஸ்டெல்லா வழக்கமாக ஓடி வருகிற நாள், செவ்வாய்க்கிழமை. அன்று காலை ரயில் ஊரிகத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் தேடினேன். பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, பூ வைத்து, காய்ந்த சுடிதாரோடு. ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கும் ஒரு இட்லி கொடுத்தாள். ரயிலில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

ராஜேந்திரன் சட்டத்தில் சின்னத் திருத்தம் வேண்டும் என்றார். பண்டிகை நாளில் பொருந்தாது, மீட்டிங் இருந்தால் பொருந்தாது, சம்சாரம் சம்பந்தப்பட்டிருந்தால் கண்டிப்பாகப் பொருந்தாது. பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒரு முழு அரசியல்வாதி தயாராகிவிட்டார். எல்லாத் திருத்தங்களும் தோற்றன.

ரொம்ப நாளாக நான் ஒன்று நினைத்திருந்தேன். பதவியில் இருப்பவர்களைத் திருத்த ஜெயில் வேண்டும், அபராதம் வேண்டும் என்று. இப்போது அவ்வளவு பெரிய கோபம் எல்லாம் தேவையில்லை என்று படுகிறது. அவர்கள் விடுகிற தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வீட்டில், வெறும் குழாய்க்கு எதிரே, கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் போதும்.

பெட்டி அதற்குள் களைகட்டியிருந்தது. அடுத்து வார்டு மெம்பர் என்றான் தேவா. எம்.எல்.ஏ. என்றார் ஒருவர். பின்னாலிருந்த அம்மா நேரே மந்திரிக்குப் போய்விட்டார். எல்லாரையும் ஸ்டெல்லா வீட்டுக்கே கூட்டி வருவதென்று முடிவாயிற்று.

ஸ்டெல்லா இட்லியை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல நாற்காலி ஒண்ணுதான்."